ஆறில் ஐந்து

"என் வெளிச்சம் போயிடுச்சு. அதைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள் தமயந்தி.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எப்ப போச்சு?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"எங்கே விட்டே?"

"இங்கேதான். மேலே, அந்தப் பாறையில."

"பாறை அங்கேயேதான் இருக்கு" என்றாள் அம்மை. "போய்ப் பாரு."

கல்வராயன் மலையின் தெற்குச் சரிவில் நாலு ஓட்டு வீடும் ஒரு சுனையும் கொண்ட தவச்சாலை அது. இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், ஒரே நாளில் இரண்டு பெண்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் இருபத்துமூன்று வயது. ஒருத்தி ஆத்தூர்க்காரி, தாவரவியல் படித்து முடித்தவள். அவள்தான் தமயந்தி. மற்றவள் தறி வீட்டுப் பெண், எட்டாம் வகுப்போடு நின்றவள். பெயர் பெரியநாயகி.

அப்போது அங்கிருந்த பெரியவர் இருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. விடிவதற்கு முன் பாறையில் கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னார். அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காலை அது நடந்தது.

என்ன நடந்தது என்று தமயந்தியால் பிறகு யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. சூரியன் மலைக்கு மேலே வந்தது. பார்க்கிறவள் என்று ஒருத்தி இல்லாமல் போனாள். வெளிச்சம் மட்டும் இருந்தது. ஒரு நிமிடமா, ஒரு மணி நேரமா, தெரியாது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் பெரியநாயகி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் நடந்திருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் அடிவாரத்துக் கடைக்குப் போன் வந்தது. தமயந்தியின் அப்பா விழுந்துவிட்டார்.

"போயிட்டு நாலு நாள்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். பெரியநாயகி தங்கினாள்.

அப்பா ஒரு மாதத்தில் போனார். அம்மா ஆறு வருடம் படுத்திருந்து போனாள். மிச்சம் இருந்தது தங்கை வசுமதி. உடம்புக்கு இப்போது நாற்பது வயது. மனசுக்கு நாலு வயது. தமயந்தி பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். கல்யாணம் பேச வந்தவர்கள் வசுமதியைப் பார்த்துவிட்டுக் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

மலையில் பெரியவர் காலமானார். பெரியநாயகியைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவள் குறைவாகப் பேசினாள். அவளை அம்மை என்று அழைத்தார்கள்.

கூடவே உட்கார்ந்து அழுதவளை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தமயந்திக்குத் தெரியவில்லை. அவளும் அம்மை என்றே கூப்பிட்டாள். நீங்க என்று பேசினாள்.

அம்மை சொன்னபடி ஐந்து நாள் காலை அவள் பாறைக்குப் போனாள்.

சூரியன் அதே இடத்தில் வந்தது. அதே நிறம்தான். அவளும் அதே மாதிரி காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கண்ணை மூடியதும் நினைப்பு ஓடியது: வசுமதி எழுந்திருப்பாள். பல் தேய்த்தாளா? பற்பசையை முழுங்காமல் பார்த்துக்கொள்ள, விட்டு வந்த இடத்தில் யாருக்காவது தெரியுமா?

முதல் நாள் அந்த நினைப்பைத் துரத்தினாள். இரண்டாம் நாள், போய்விடு என்று அதைக் கெஞ்சினாள். ஐந்தாம் நாள் சூரியன் ஏறி முகம் சுடும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை. வெறும் வெயில்.

இறங்கி நேராக அம்மையிடம் வந்தாள்.

"ஒண்ணும் வரலை."

"சரி."

"சரின்னா?"

"வரலைன்னு சொன்னே. சரின்னேன்."

தமயந்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க தங்கிட்டீங்க. உங்களுக்கு என்ன தெரியும்? அஞ்சே முக்காலுக்கு அவளை எழுப்பணும். குளிப்பாட்டணும். எதுக்கு? மறுநாள் குளிப்பாட்டறதுக்கு. துவைக்கணும், மறுநாள் துவைக்கறதுக்கு. ஊட்டணும், அடுத்த வேளை ஊட்டறதுக்கு. செஞ்சதெல்லாம் திரும்பச் செய்யறதுக்குத்தான். இருபத்தாறு வருஷம் ஒரே இடத்துல சுத்தியிருக்கேன். ஒரு அடி முன்னால போகலை."

"ம்."

"பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். வருஷா வருஷம் அதே பாடம். பசங்க மாறுவாங்க. நான் மாறலை. அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் இந்தப் பாறை ஞாபகம் வரும். நடுவுல ஒரு நாள்கூட இதை நான் மறந்தது இல்லை அம்மை. சாம்பார் கொதிக்கும்போது நினைச்சிருக்கேன். அவ வாந்தியைத் துடைக்கும்போது நினைச்சிருக்கேன். அங்கே என் இடம் காலியா இருக்குன்னு."

"இப்ப உன் தங்கச்சி எங்கே?"

"சேலத்துல ஒரு இல்லத்துல. நல்ல மனுஷங்க. ஒரு வாரம் பார்க்கலாம், அவ ஒத்துப்போனா வெச்சுக்கறோம்னாங்க. நாளைக்கு நான் போய்க் கையெழுத்துப் போடணும். போட்டுட்டா நிரந்தரம். அப்புறம் நான் இங்கேயே வந்துடலாம்."

"விட்டுட்டு வரும்போது அழுதாளா?"

"இல்லை. அக்கா நாளைக்கு வருவான்னு அங்கே இருந்த ஆயாகிட்ட சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா."

அம்மை அவள் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கு இங்கே இடம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு. எப்பவும் இருந்துச்சு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தமயந்தி அத்தனை வருடம் காத்திருந்தாள். கேட்டபோது அது சின்னதாக இருந்தது.

"வருஷா வருஷம் அதே பாடம்னு சொன்னியே" என்றாள் அம்மை. "என்ன பாடம்?"

"அது எதுக்கு இப்ப?"

"எட்டாவதோட நின்னவ நான். எனக்கு யாரும் நடத்தலை. நீ நடத்து."

"விளையாடறீங்களா?"

அம்மை அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டை எடுத்துவந்து தமயந்தியின் கையில் வைத்தாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தமயந்தி கரியைப் பார்த்தாள். சிமெண்ட் தரையைப் பார்த்தாள். எரிச்சலோடுதான் குனிந்து ஓர் இலையை வரைந்தாள். வரைந்து முடித்தபோது எரிச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது. கைப்பழக்கம்.

"இலை வெயிலை வெச்சுச் சர்க்கரை பண்ற பாடம். இலைக்குள்ள பச்சையா சின்னச் சின்ன மணி இருக்கும். பசுங்கணிகம்னு பேரு. அதுக்குள்ள தட்டுத் தட்டா அடுக்கியிருக்கும். இட்லித் தட்டு மாதிரி. அந்தத் தட்டுதான் வெயிலைப் பிடிக்குது. பிடிச்சதும் தண்ணி உடையும். பிராணவாயு வெளியே போயிடும். வெயிலோட பலம் மட்டும் ரெண்டு சின்ன மூலக்கூறுல மாட்டிக்கும். கண் சிமிட்டற நேரம்கூட ஆகாது. இது ஒளிவினை."

"அங்கேதான் சர்க்கரை வருதா?"

"அவசரப்படக் கூடாது. தட்டுல சர்க்கரை கிடையாது."

"கிடையாதா?"

"ஒரு துளி கிடையாது. தட்டைச் சுத்தி கஞ்சி மாதிரி ஒரு திரவம் இருக்கு. சர்க்கரை உண்டாகறது அங்கே. அந்த வேலை வெயிலை நேராப் பார்க்கறதே இல்லை. தட்டுல பிடிச்ச பலம் வந்து சேர்ந்தா போதும். இது இருள்வினை."

"ராத்திரி நடக்கிறது."

தமயந்தி கரியைத் தரையில் தட்டினாள்.

"இதைத்தான் எல்லாரும் எழுதறாங்க! ராத்திரி இல்லை. பகல்லதான். வெயில் பிடிக்கிறதும் இதுவும் ஒரே நேரத்துல, ஒரே மணிக்குள்ள, ஒண்ணை ஒட்டி ஒண்ணு. இருள்னு பேர் வெச்சது தப்பு. புதுப் புத்தகத்துல மாத்திட்டாங்க, ஒளி சாராத வினைன்னு. அப்பவும் ராத்திரின்னுதான் எழுதறாங்க. எத்தனை பேருக்கு மார்க் குறைச்சிருக்கேன் தெரியுமா?"

"எனக்கும் குறைச்சுக்கோ" என்றாள் அம்மை. "அப்புறம்?"

தமயந்தி இலைக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட ஆரம்பித்தாள். குரல் இப்போது வகுப்பறைக் குரலாக ஆகிவிட்டிருந்தது.

"இது சக்கரம். இங்கே ஒண்ணு காத்துக்கிட்டு நிக்கும். அஞ்சு கார்பன் உள்ளது. கார்பன்னா வேற ஒண்ணும் இல்லை, இதோ என் கையில இருக்கிற கரிதான். காத்துல இருக்கிற கரியமில வாயுல இருந்து ஒரு கரி வந்து இதோட சேரணும். சேர்த்து வைக்க ஒரு நொதி இருக்கு. பெரிய சோம்பேறி."

"சோம்பேறியா?"

"மத்த நொதியெல்லாம் நொடிக்கு நூறு, ஆயிரம்னு வேலை பார்க்கும். இது நொடிக்கு மூணு. அதுலயும் நாலுக்கு ஒண்ணு தப்பாப் போகும். கரியமில வாயுவை விட்டுட்டுப் பிராணவாயுவைப் பிடிச்சுடும். அந்தத் தப்பைச் சரி பண்ணவே தனியா பலம் செலவாகும்."

"அதை எடுத்துட்டு நல்லதா ஒண்ணு வெச்சுக்கலாமே."

"யார்கிட்ட இருக்கு? நீங்களும் நானும் இதுவரைக்கும் சாப்பிட்ட சோறு முழுக்க அது பிடிச்சுப் போட்டதுதான்."

அம்மை வாய்விட்டுச் சிரித்தாள். தமயந்தியும் சிரித்தாள். வந்த ஐந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"மூணு தடவை பிடிச்சா ஆறு துண்டு கிடைக்கும்" என்று அவள் வட்டத்தின் ஓரமாக ஆறு புள்ளி வைத்தாள். "ஒவ்வொரு துண்டுலயும் மூணு கரி. இந்த ஆறுல ஒண்ணு வெளியே போகும். அதுதான் சர்க்கரையா ஆகும்."

"மத்த அஞ்சு?"

"திரும்பச் சக்கரத்துக்கே."

"எதுக்கு?"

"முதல்ல ஒண்ணு காத்துக்கிட்டு நின்னுச்சில்ல, அதை மறுபடி தயார் பண்றதுக்கு."

"அது எதுக்கு?"

"அடுத்த கரியைப் பிடிக்கிறதுக்கு."

"அப்ப ஆறுல அஞ்சு வீண்."

"வீணா? யார் சொன்னது?" தமயந்தியின் குரல் உயர்ந்தது. ஒரு வகுப்பு முழுவதையும் அதட்டுகிற குரல். "அந்த அஞ்சும் திரும்பலைன்னா அடுத்து வர்ற கரியை வாங்கிக்க ஆளே இருக்காது. எவ்வளவு வெயில் அடிச்சாலும் பிரயோஜனம் இல்லை. எல்லாம் நின்னு போயிடும். செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யறதாலதான் அந்த..."

கரி பாதி வட்டத்தில் நின்றது.

தமயந்தி தரையைப் பார்த்தபடியே இருந்தாள். வருடா வருடம் கரும்பலகையில் போட்ட வட்டம். மூடாமல் கிடந்தது.

வெகுநேரம் கழித்து அம்மை கேட்டாள்: "வெளியே போற அந்த ஒண்ணு எங்கே போகுது?"

"எங்கேயோ." குரல் கம்மியிருந்தது. "கிழங்குக்குப் போகும். காய்க்குப் போகும். விதைக்கு. போறதை இலை பார்க்கிறது இல்லை."

பிறகு, யாரும் கேட்காமலே, அவள் சொன்னாள்:

"பக்கத்து வீட்டுல ஒரு கைக்குழந்தை. யார் தூக்கினாலும் தூங்காது. அதோட அம்மா ஒரு நாள் சும்மா வசுமதி மடியில போட்டா. வசுமதி அதோட முதுகைத் தட்டினா. மூணு தட்டு, ஒரு தடவல். மூணு தட்டு, ஒரு தடவல். தூங்கிடுச்சு. இப்ப தினம் மத்தியானம் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போறாங்க."

"அதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலை. நான் அவளை அப்படித்தான் தூங்க வைப்பேன்."

சொல்லிவிட்டு அவள் கரியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். புடவை கறுப்பானது. அதை அவள் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் அம்மை.

"கேளுங்க."

"தட்டுல வெயில் விழுந்துக்கிட்டே இருக்கு. நல்ல வெயில். தினமும். ஆனா சுத்தி இருக்கிற கஞ்சியில சக்கரம் இல்லை. பிடிச்ச பலத்தை வாங்கிக்க யாரும் இல்லை. அப்ப என்ன ஆகும்?"

"பலம் போக வழி இருக்காது. சூடா வெளியே விட்டுடும்."

"அப்பவும் வெயில் குறையலைன்னா?"

"தட்டு கெட்டுப் போயிடும். இலை வெளுத்துடும்."

அம்மை தலையை மெல்ல ஆட்டினாள். புரிந்துகொண்ட மாணவி ஆட்டுகிற மாதிரி இல்லை அது.

"எனக்கு அது தினமும் வருது, தமயந்தி."

"எது?"

"அன்னைக்கு நமக்கு வந்தது."

அவள் வாழ்க்கை முழுக்கக் கேட்டது ஒரே ஒரு காலை. இவளுக்கு அது தினமும்.

"நீ போன பிறகு ரெண்டு வருஷம் வரலை. அப்புறம் வர ஆரம்பிச்சது. இப்பல்லாம் உட்கார்ந்ததும் வந்துடும்."

"வந்து?"

"வந்து போயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை. பாறையை விட்டு இறங்கி வந்து கீரை ஆயறேன். யாராவது வருவாங்க, ஏதாவது கேட்பாங்க. ரெண்டு வார்த்தை சொல்வேன். கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. தூரத்துல நின்னு கும்பிடுவாங்க."

வெளியே சுனைத் தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம் கேட்டது.

"சில நாள் மத்தியானம் இந்த வாசப்படியில உட்கார்ந்து ஆத்தூர் இருக்கிற பக்கம் பார்ப்பேன்" என்றாள் அம்மை. "நீ வருவேன்னு இல்லை. இப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருப்பேன்னு. யாருக்குச் சோறு போட்டுக்கிட்டிருப்பேன்னு."

தமயந்தி அவளைப் பார்த்தாள். முன் தலை நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வந்த நாளிலிருந்து அம்மையைத்தான் பார்த்திருந்தாள். பெரியநாயகியை இப்போதுதான் பார்த்தாள்.

"ஏன் எனக்கு ஒரு கடுதாசி போடலை?"

"என்னன்னு எழுதுவேன்? எனக்கு வெளிச்சம் வருது, நல்லா இல்லைன்னா?"

அம்மை எழுந்து போய் உலை வைத்தாள். தமயந்தி தரையில் இருந்த படத்தைத் துடைக்கத் துணி எடுத்தாள். பிறகு துடைக்காமல் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை பாறையில் யாரும் இல்லை. சூரியன் வந்தது. பாறை மேல் வெயில் விழுந்தது.

தமயந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏழரைக்கு பஸ். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா நானே அவளுக்கு ஊட்டிடலாம். சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுவோம்."

"கையெழுத்து?"

"போடலை."

பெரியநாயகி ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் ஒரு துணி மூட்டை. காலில் யாருடையதோ செருப்பு. ஒரு விரல் அளவு பெரிதாக இருந்தது.

தமயந்தி மூட்டையைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தாள். பெரியநாயகி முந்திக்கொண்டாள்.

"புது ஆளைப் பார்த்தா உன் தங்கச்சி பயப்படுவாளா?"

"முதல்ல கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா."

"அப்புறம்?"

"அப்புறம் வந்து கையைப் பிடிச்சுக்குவா. பிடிச்சா விடமாட்டா."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

பெரியநாயகி மூட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு படி இறங்கினாள்.